வெளியே போகிறேன், மாமா

என் மாமாவுக்கு,

கல்யாணமான மறுநாளிலிருந்து உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் 'அமரர்' என்று போடச் சொன்னால் என் கை எழுதாது. இங்கே நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் நம் தமிழ்க்காரர்கள் வருஷத்துக்கு ஒரு மலர் போடுவார்களே, அதில் உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படம், பெயர், சொந்த ஊர், பார்த்த வேலை, நாலு வரி. அவ்வளவு போதுமாம்.

எனக்கு நாலு வரி போதாது. சொந்த ஊர் என்ற இடத்திலேயே தகராறு வந்துவிட்டது. கோபிசெட்டிபாளையம் என்று எழுதச் சொல்கிறார் உங்கள் அக்கா. நான் லூலியோ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சடிக்கிறவர் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடக் கூடாது என்பதற்காக இரண்டு முறை போன் செய்தும் சொல்லிவிட்டேன்.

உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. லூலியோ ஸ்வீடனின் வடக்கே, கடலோரத்தில் இருக்கிற சின்ன நகரம். அங்கே இரும்பாலையில் உங்களுக்கு வேலை. பதினொரு வருஷம் இருந்தோம். போனபோது நம் பையன் கதிருக்கு இரண்டு வயது. முதல் குளிர்காலத்தில் நான் அழாத நாள் கிடையாது. பகல் மூன்று மணிக்குள் இருட்டிவிடும். பிள்ளையை டேகேரில் விட்ட முதல் வாரம், மத்தியானம் எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். வாசலில் வரிசையாகத் தள்ளுவண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை, மூக்கு மட்டும் தெரிய, பனியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. மைனஸ் பத்து. மூன்றாவது வண்டியில் நம் கதிர்!

நான் போட்ட கூச்சலில் டீச்சர்கள் ஓடி வந்தார்கள். நீங்கள் ஆலையிலிருந்து ஓடி வந்தீர்கள். இங்கே எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் தூங்கும், வெளிக்காற்றில் நன்றாகத் தூங்கும் என்று ஒரு டீச்சரம்மா பொறுமையாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காத பையன் அன்றைக்கு இரண்டரை மணி நேரம் தூங்கினான். எழுந்தபோது கன்னம் தக்காளி மாதிரி இருந்தது. மறுநாள் போய் எனக்கும் உங்களுக்கும் நல்ல பூட்ஸ் வாங்கி வந்தீர்கள்.

அதற்கப்புறம்தானே நாம் அந்த ஊர்க்காரர்கள் ஆனோம்? கடல் உறைந்ததும் நகராட்சி அதன்மேலேயே பாதை போடும். ஊர் முழுக்க அதில் நடக்கும், சறுக்கும். உட்கார நாற்காலி வைத்த சறுக்கு வண்டி ஒன்று உண்டு. அதில் என்னை உட்காரவைத்து, மடியில் கதிரையும் வைத்து, பின்னால் நின்று ஒரு காலால் உதைத்து உதைத்துக் கடல்மேல் ஓட்டுவீர்கள். பாதையோரம் தீ மூட்ட இடமும் விறகும் வைத்திருப்பார்கள், யாரும் மூட்டலாம். நாம் மிளகாய்த்தூள் தடவிய கோழியைக் குச்சியில் குத்தி வாட்டினால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்வீடன்காரர்களின் பேச்சு நின்றுவிடும். நாலு துண்டு கொடுத்தபின்தான் நம்மால் சாப்பிட முடியும்.

மார்ச்சில் வெயில் திரும்பி வந்ததும் அவர்கள் செய்கிற கூத்து நினைவிருக்கிறதா? கடை வாசல், பஸ் நிறுத்தம், எங்கே சுவர் இருந்தாலும் அதில் சாய்ந்து, கண்ணை மூடி, முகத்தை வெயிலில் காட்டிக்கொண்டு நிற்பார்கள். வெயிலுக்குக் குடை பிடித்து வளர்ந்த நாம் முதல் வருஷம் சிரித்தோம். மூன்றாம் வருஷம் நாமும் நின்றோம். மே மாதம் பனிக்கட்டி உடைந்து கடல் மறுபடியும் தண்ணீராகும். ஜூனில் சூரியன் மறைய மனசில்லாமல் நிற்கும், கொசு பிடுங்கியெடுக்கும். ஆகஸ்டில் காட்டுக்குள் பெர்ரி பறிக்கப் போவோம். காடு யாருடையதாக இருந்தாலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், அங்கே அது எல்லாருக்கும் உள்ள உரிமை.

அந்த உரிமையை நியூ ஜெர்சிக்கும் கொண்டுவந்த ஒரே ஆள் நீங்கள்தான். இங்கே வந்த முதல் ஜூலையில், ரோட்டோரத் தோப்பில் சிவப்பாய்ப் பெர்ரி காய்த்துத் தொங்குவதைப் பார்த்ததும் காரை நிறுத்திவிட்டீர்கள். மூன்று பேரும் டிபன் பாக்ஸோடு உள்ளே போய்ப் பறித்துக்கொண்டிருந்தோம். அரை மணியில் போலீஸ் கார். தோப்புக்காரர் வீட்டிலிருந்து பார்த்துப் போன் செய்துவிட்டார். கதிர் முகத்தை மூடிக்கொண்டு காருக்குள் போய்ப் படுத்துவிட்டான். நீங்கள் அசரவில்லை. காட்டுப் பழம் மனிதர் எல்லாருக்கும் பொது என்று அந்த போலீஸ்காரருக்கு வகுப்பெடுத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினீர்கள். அவர் இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இனி வராதீர்கள் என்று அனுப்பிவைத்தார். அந்த அவமானத்தைக் கதிர் இன்னும் மறக்கவில்லை.

இங்கே இலை சிவந்தால் காரில் போய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பனி பெய்தால் பாலும் ரொட்டியும் வாங்கிவைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நாம் மட்டும் ஞாயிறு தவறாமல் கால்வாய்க் கரையில் நடந்தோம். தலைவலியா, வெளியே போ. சண்டையா, வெளியே போ. வேலை போய்விடுமோ என்று பயமா, முதலில் வெளியே போய்விட்டு வா. இதுதானே நம் வீட்டு வைத்தியம்? நீங்கள் ஆரம்பித்ததுதானே?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதுவரை ஒருவரைத் தவிர யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லப்போகிறேன். ஓடி ஒளிய எனக்கு இஷ்டமில்லை.

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. காலையில் நீங்கள் சோபாவில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். "இன்னைக்கு வேண்டாம் சுகந்தி. நெஞ்செரிச்சலா இருக்குது. நேத்து உன்ற வடை வேலை காட்டுது" என்றீர்கள். நான் உங்கள் கோட்டை எடுத்து நீட்டினேன். "வெளிய போனாச் சரியாப் போயிருமுங்க. இத்தனை நல்ல பனிய விட்டுப்போட்டு உட்காருவாங்களா?" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே எழுந்தீர்கள். முக்கால் மைல் நடந்திருப்போம். கால்வாய்ப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், பிளாஸ்கைத் திறக்கச் சொன்னீர்கள். நான் காபியை ஊற்றிவிட்டுத் திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: இதயத்தில் மூன்று குழாய்களில் அடைப்பு, ரொம்ப வருஷமாகவே இருந்திருக்கும். குளிரும் சேர்ந்திருக்கலாம். மாடிப்படி ஏறும்போதும் மாரடைப்பு வந்திருக்கலாம். இதை நான் கதிருக்குச் சொன்னேன், கதிர் ஊருக்குச் சொன்னான். ஊரில் காதில் விழுந்தது ஒரு வார்த்தைதான், குளிர். "பனியில இழுத்துட்டுப் போயி என்ற தம்பியக் கொன்னுபோட்டா" என்று வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்தே சொன்னார் உங்கள் அக்கா. கோட்டை எடுத்து நீட்டினது இந்தக் கைதானே?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கதிர் என்னிடம் சத்தியம் வாங்கினான். இனி பனியில் வெளியே போகக் கூடாது. செய்து கொடுத்தேன். ஒரு வருஷம் கட்டுப்பட்டும் இருந்தேன், மாமா. ஹீட்டரைக் கூட்டிவைத்துக்கொண்டு, ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தபால்காரரையும் அணிலையும் பார்த்தேன். ஏழு கிலோ ஏறினேன். சர்க்கரை வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "இப்பதான் அடங்கி ஒழுங்கா இருக்கீங்க" என்று பாராட்டினார்கள்.

வருஷத் திதிக்குக் கதிர் டெக்ஸஸிலிருந்து வந்தான். ஆலனில் அவன் வீட்டில் எனக்கென்று ஒரு ரூம் தயாராக இருக்கிறதாம். பக்கத்திலேயே கோயில், இந்தியக் கடை, வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஏசி. "யூ வில் பி சேஃப்மா" என்றான். இந்த வீட்டை விற்க ஆளும் பேசிவிட்டான். திதி முடிந்த மறுநாள் சமையலறைப் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வெளுத்தது. பெரிய பெரிய பஞ்சாகப் பனி விழ ஆரம்பித்தது.

நான் கையிலிருந்த குழம்புச் சட்டியைக் கீழே வைத்தேன். என் பூட்ஸ் எந்தப் பெட்டிக்குள் போனதோ தெரியவில்லை, உங்களுடையது கதவோரம் இருந்தது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு அதை மாட்டிக்கொண்டேன்.

"அம்மா, எங்க போற? யூ ப்ராமிஸ்ட்!"

"பண்ணுனேன். இப்ப உடைக்கிறேன். நீ மைனஸ் பத்துல தூங்குனவன்டா. உனக்கு என்ன வந்துச்சு?"

கதவைத் திறந்து இறங்கி நடந்தேன். அந்தக் காற்று மூக்கில் ஏறியதும் ஒரு வருஷமாக மூடிக்கிடந்த என்னவோ திறந்துகொண்டது. அழுதேன், நடந்தேன். பின்னாலேயே ஓடிவந்தான் உங்கள் பிள்ளை, மெல்லிய ரன்னிங் ஷூவோடு, தொப்பிகூட இல்லாமல். திட்டிக்கொண்டே வந்தான். கால்வாய் வந்ததும் திட்டு நின்றது. பெஞ்சு இருக்கிற இடம் அவனுக்கும் தெரியும்.

அங்கே நின்று அவனிடம் சொன்னேன். அப்பா வேண்டாம் என்றார், நெஞ்சு எரிகிறது என்றார், நான்தான் கோட்டை எடுத்து நீட்டினேன் என்று, ஒன்று விடாமல்.

அவன் காலடியில் இருந்த பனியையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்மா" என்றான். "அப்பா அன்னைக்குக் காலைல மெசேஜ் பண்ணியிருந்தார். நெஞ்செரிச்சல், ஆனா உங்கம்மா விடமாட்டேங்கிறா, செம ஸ்னோன்னு. சிரிக்கிற ஸ்மைலி வேற. ஒரு வருஷமா உன் மேல கோவமா இருக்கேன். ஐ வாஸ் ஸோ மேட், அம்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் ப்ராமிஸ் வாங்குனேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் அக்கா சொன்னது வலித்ததைவிட இது பத்து மடங்கு வலித்தது. அவன் அணைத்துக்கொள்ளவும் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் எனக்கு என் தப்பு எது என்று சரியாகப் பிடிபட்டது.

"கோவப்படு கண்ணு. உனக்கு அந்த உரிமை இருக்குது" என்றேன். "நெஞ்சு எரியுதுன்னு சொன்ன மனுசன டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போகாதது என்ற தப்பு. அதச் சாகற வரைக்கும் நான் சுமக்கிறேன். ஆனா வெளிய கூட்டிட்டு வந்தது தப்புன்னு சொன்னீன்னா ஒத்துக்கமாட்டேன். அப்படிச் சொன்னா, நாம வாழ்ந்த அத்தனை வருசமும் தப்புன்னு ஆயிரும். உங்கப்பாவ அவரா ஆக்குனதே அந்த ஊரும் அந்தப் பனியும்தான். என்னைய உள்ள வெச்சுப் பூட்டுனா அவர் வந்துருவாரா?"

அவன் கால் விறைத்துப்போய், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். "அப்பா பூட்ஸ் உனக்கு ரொம்ப பெருசு. வழுக்கி விழுவே" என்றான் கடைசியில். திரும்பும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிவிட்டேன். விற்கப் பேசியிருந்த ஆளை நானே கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கதிருக்குக் கோபம் தீரவில்லை, தீரும்போது தீரட்டும். ஆலனுக்குத் திரும்பிப் போய் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு பார்சல் வந்தது. பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்கிற இரும்பு முள் ஒரு ஜோடி, லூலியோவில் வயசானவர்கள் மாட்டிக்கொண்டு நடப்பார்களே, அதேதான். என் அளவுக்கே பார்த்து வாங்கியிருக்கிறான். கூடவே போனில் ஒரு வரி: டாக்டர் அப்பாயின்மென்ட் புக் பண்ணியிருக்கேன், அத முடிச்சுட்டு எங்க வேணா போ.

போனேன், மாமா. டாக்டர் என்னை மிஷினில் ஓடவிட்டு இதயத்தைப் பார்த்துவிட்டு, நடங்கள், குளிரில் நிதானமாக நடங்கள் என்றார். இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். நெஞ்சு எரிந்தால் வடையைத் திட்டிக்கொண்டு உட்காராதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போங்கள். பனியைக் குற்றம் சொல்லாதீர்கள். இழவு வீட்டில் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்களும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கால்வாய்க் கரைக்கு வரலாம், காபி என் பொறுப்பு.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். மார்ச் மாதம் லூலியோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கடல்மேல் போட்ட பாதையில் அந்தக் கோடி வரைக்கும் என் காலால் நடப்பேன். கதிரையும் கூப்பிட்டிருக்கிறேன், வந்தால் வரட்டும், வராவிட்டாலும் நடப்பேன். அடுத்த வருஷமும் போவேன், என் கால் நிற்கிற வருஷம் வரைக்கும் போவேன். அதற்கும் யாராவது ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள்.

அன்றைக்கு உங்களை வெளியே இழுத்துக்கொண்டு போனவள்,
இன்றைக்கும் வெளியே போகிறவள்,
உங்கள் மனைவி
சுகந்தி