கரண்ட் நன்றாகத்தான் இருந்தது

தேனு, என் கண்ணே,

காய்ச்சல் என்று உன் ஊர் காவாந்தண்டலத்துக்குப் போனவள், நீ திரும்பவே இல்லை. போன வாரம் அங்கே உன் படத்திறப்பு. அன்று உன் அம்மாவிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

மாலை போட்ட போட்டோ போதும் என்றுதான் உன் மாமா சொன்னார். நான்தான் கேட்கவில்லை. நாம் இருவரும் ஆய்வுக்கூடத்தில் செய்த லேசரிலேயே உன் முகத்தைச் சுவரில் காட்டுகிறேன் என்று பெருமையடித்துக்கொண்டேன். டிவித் திரையில் இருக்கிற அதே திரவப் படிகத்தை, லேசரிலிருந்து வெளியே வந்த ஒளிக்குக் குறுக்கே வைத்துத்தான் மற்றவர்கள் படம் காட்டுவார்கள். நீ அதை லேசருக்குள்ளேயே, ஒளி முட்டி முட்டித் திரும்பும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்தாய். "இருட்டு வேணும்ங்கிற எடத்துல வெளிச்சத்த எதுக்குக்கா மறைக்கணும்? அங்க பொறக்கவே வுடாத" என்பாய்.

உள்ளே ஒளி போய்ப் போய் வரும், படிகம் சூடாகிவிடும், சூடு மிஞ்சினால் படம் நிற்காது, பவரைக் குறைத்தே வை என்றும் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அன்று ஷீட் போட்ட வீட்டுக்குள் மதிய வெயில் கொதித்தது. ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் பளிச்சென்று தெரியட்டும் என்று பவரை ஏற்றினேன்.

பச்சை ஒளியில் நீ சிரித்தாய். அம்மா எழுந்து வந்து, "தோ பாரு, எம் பொண்ணு சிரிச்சிக்கினு கீது" என்று சுவரைத் தொட்டார். அவர் கை உன் கன்னத்தில் இருக்கும்போதே உன் கண்கள் மங்கின, பிறகு வாய். கடைசியில் வெறும் பச்சை வெளிச்சம்தான் மிச்சம்.

"இன்னாமா ஆச்சு?" என்றார்.

"கரண்ட் சரியில்லம்மா" என்றேன்.

பவரைக் குறைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் படிகம் ஆறியிருக்கும், நீ திரும்பி வந்திருப்பாய். எனக்குத் தெரியாதா? அத்தனை பேர் முன்னால் தப்பு என்னுடையது என்று சொல்ல வெட்கம். பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் வாரிக் கட்டிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன். என்ன மனுஷி நான், தேனு?

இன்று காலை அம்மா போன் செய்தார். "ஆள இட்டாந்து வூட்டு ஒயரெல்லாம் புதுசா மாத்திட்டேம்மா. கரண்ட் இப்ப நல்லா கீது. எப்ப வர்ற?"

கூனிக் குறுகிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன் போகிறேன். முதலில் உண்மையைச் சொல்வேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். பிறகு பவரைக் குறைத்து, உன் முகத்தை அவர் உள்ளங்கை அளவுக்குச் சின்னதாகக் காட்டுவேன். அவர் போதும் என்கிறவரை அணைக்க மாட்டேன்.

தலை நிமிர முடியாத
உன் நஸீமா அக்கா