பேய்ப்படம் பார்த்த தவக்காலம்

பேராவூரணி,
18.3.2025

அன்புள்ள பிரகாஷுக்கு,

நானும் அம்மாவும் நலம். ஃபோனில் பேசினால் இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, இல்லை கடைப் பரோட்டாவே கதியா?

தவக்காலத்தில் சினிமா பார்ப்பதில்லை என்று கல்யாணமான வருஷத்திலிருந்து சேர்ந்துதான் நோன்பு இருக்கிறோம். அன்று சோறு எடுத்துக்கொண்டு வயலுக்கு வந்தால், நீங்கள் அறுவடை வண்டியின் மேல் உட்கார்ந்து, ஃபோனில் பேய்ப்படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நம் மகள் இறந்து பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தூக்குவாளியை வரப்பிலேயே வைத்துவிட்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

நோன்பை மீறியதை மாதா மன்னித்துவிடுவாள். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். நம் மகள் போனது உங்களுக்கு வலித்ததா? வலிக்கவில்லை என்றால் நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து யாரோடு இருப்பது?

விண்ணரசி


பூதலூர்,
24.3.2025

என் அரசிக்கு,

பரோட்டா இல்லை, கஞ்சிதான். எனக்குக் காய்ச்சத் தெரிந்தது அது ஒன்றுதானே.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பங்குச் சாமியார் முதலில் கேட்டது, என்ன படம் என்று!

அந்தப் படத்தை அன்று பதினோராவது தடவையாகப் பார்த்தேன். பேய் வருவதற்கு முன்னால் கதவு கிறீச்சிடும், மியூசிக் ஏறும். எந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்ன இடத்தில் சரியாகப் பேய் வந்துவிட்டால் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை அரசி. நர்ஸம்மா வெளியே வந்தார். நான் சாக்லேட் பெட்டியை நீட்டினேன்.

வலித்தது. சொன்னால் நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தது என் முட்டாள்தனம். நீயும்தான், குடும்பப் படத்தில் யாரோ ஒருத்தியின் கல்யாணம் நின்றால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவாய். நம் மகளுக்கு ஒரு சொட்டு அழவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அருள்பிரகாஷ்


பேராவூரணி,
2.4.2025

என் பிரகாஷுக்கு,

படத்தில் வருகிறவளுக்காக அழுதால், படம் முடிந்ததும் முகம் கழுவிவிடலாம். நமக்காக அழுதால் எப்போது முடியும் என்று தெரியவில்லை. அதனால் ஆரம்பிக்கவே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் நோன்பை மீறினேன். மத்தியான வேளையில் எல்லாக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு அதே படத்தைப் போட்டேன். பேய் வரவே இல்லை, அதற்குள் அழுதுவிட்டேன். அம்மா தேங்காய் துருவுவதை விட்டுவிட்டு ஓடிவந்தார். "பேய்ப்படத்துக்கு யாராச்சும் இப்படி அழுவாங்களாடி?" என்றார். சாயங்காலம் வரை அழுதேன். பிறகு பசித்தது. தோசை கேட்டு வாங்கி நாலு சாப்பிட்டேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் வருகிறேன். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மறுநாள் பூசை முடிந்து இருவரும் கல்லறைக்குப் போவோம்.

அவளைப் பெயரில்லாமலே வைத்துவிட்டு வந்தோம். வயிற்றில் இருந்தபோது நான் ஃபெபி என்று கூப்பிடுவேன், உங்களிடம் சொன்னதில்லை. நீங்களும் ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருப்பீர்கள். அது என்ன பெயர் என்று எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள்
விண்ணரசி