நாம் ஜெயித்த நாள்

என் அன்புக்குரியவளுக்கு,

நேற்று நம் தீவின் கால்பந்து அணி முதன்முதலாக வேறொரு நாட்டை ஜெயித்தது. பன்னிரண்டு வருடமாகக் கோல் காக்கும் நான், கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டியைத் தடுத்தேன். பயிற்சி பயிற்சி என்று நான் தவறவிட்ட பிள்ளைகளின் பிறந்தநாட்களைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லோருடைய வீட்டாரும் மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். நான் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து கையுறைகளை மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே, கையோட ஒட்டிக்கிச்சா? வாங்க, எங்கம்மா எலுமிச்சை புழிஞ்சு கோழி கெலாகுவென் செஞ்சு கொண்டாந்திருக்காங்க," என்றான் நம் அணியில் ஆடும் பையன் கிலிலி. "அண்ணி குவாம்லேருந்து போன் பண்ணாங்களா?"

"பண்ணினா. ரொம்ப சந்தோஷப்பட்டா," என்றேன்.

பிள்ளைகளிடம் அந்தப் பெனால்டியைப் பற்றிச் சொல். யாராவது உன்னைக் கேட்டால், போன் பண்ணியதாகவே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் கணவன்