றெஜினா முழக்கிய இடி

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் கோயில் திருநாள் நாடகத்துக்காக என் முகத்தில் முத்துவெள்ளை பூசினார்கள். தேங்காயெண்ணெயில் குழைத்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும், பூசுவது நீதான் என்று நினைத்து, “மூக்கைக் கொஞ்சம் சின்னனாக்கி விடடா” என்றுவிட்டேன். நீயாக இருந்தால், “வெள்ளைதான் பூசலாம், உளி பிடிக்க ஏலாது” என்றிருப்பாய். பூசியவர் மூக்கின் மேல் இன்னும் கொஞ்சம் அப்பிவிட்டுப் போனார். இப்போது எனக்குக் கிடைப்பது மூன்று வரி பேசும் காவலாளி வேடம். அதிலும் ஒரு வரி மறந்துபோகிறது.

அந்த வருடம் நான் அரசன். சண்டை முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டில்களுக்குள் இருந்துகொண்டு நாங்கள் கொண்டாடிய முதல் திருநாள். ஒருவருக்கும் ஒழுங்கான கூரை இல்லை. ஆனால் நாடகம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மேடை வேலை முழுவதும் உன் தலையில் விழுந்தது. நான்கு தறப்பாள்களை வலை பொத்துகிற ஊசியால் தைத்துத் திரையாக்கினாய். சுவாமி தங்கும் குருமனையின் பழைய யன்னல் சீலை என் தோளில் அரச சால்வையாயிற்று. பால்மாத் தகரப் பேணியை வெட்டிக் கிரீடம் செய்து தலையில் வைத்துவிட்டு, “அரசன் எண்டு நெளியாதை, பேணி வெட்டும்” என்றாய். தாழ்வுபாடு கிராமத்தில் இரவல் வாங்கிய ஜெனரேற்றரில் இரண்டே இரண்டு பல்ப். வெளிச்சம் என் முகத்தில் விழவில்லை என்று நான் முறையிட்டபோது நீ சொன்ன பதிலை இங்கே எழுதினால் சுவாமி இந்த மடலைப் பூசையில் வாசிக்கமாட்டார்.

நல்லவரான வேதசாட்சியைக் கொன்ற அரசன் மேல் கடைசியில் இடி விழவேண்டும். வீட்டுக் கூரைக்கென்று உனக்குக் கொடுத்த தகரங்களில் ஒன்றைத் திரைக்குப் பின்னால் தொங்கவிட்டாய். ஒத்திகை பார்க்கச் சனம் மணலில் வந்து இருந்தது. உன் மனைவி றெஜினாவும் வந்திருந்தாள். ஊர் திரும்பிய நாளிலிருந்து கொட்டிலை விட்டு வெளிவராதவள், கோயில் மணிக்கே துடித்து எழும்புகிறவள், உன் கெஞ்சல் தாங்காமல் வந்து ஓரமாக இருந்தாள்.

நீ தகரத்தை உலுக்கினாய். அந்தக் காலத்தில் எங்கள் காதுகளுக்கு இடி என்றொரு சத்தம் தெரியாது, ஷெல்தான் தெரியும். சனம் முழுவதும் மணலில் குப்புற விழுந்தது. முதலில் விழுந்தவர் அரசர்தான். பேணியும் சொன்னபடி வெட்டியது.

தலையைத் தூக்கிப் பார்த்தால் றெஜினாவைக் காணவில்லை. கோயிலுக்குப் பின்னால் மலசலகூடத்துக்கு வெட்டிய புதுக் குழிக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள். கூப்பிட்டால் ஏறமாட்டாள் என்று உனக்குத் தெரியும். நீயும் இறங்கி அவள் பக்கத்தில் இருந்துவிட்டாய். பொழுது சாயும்வரை இருந்தீர்கள்.

கோயில் மூப்பர் தீர்ப்புச் சொன்னார்: “தம்பி, இடி வேண்டாம். அரசன் காய்ச்சல் வந்து சாகட்டும்.”

“காய்ச்சல்காரன் பத்து நிமிசம் பாடிச் சாவானோ, மூப்பர்?” என்றேன். எனக்கு என் பாட்டுத்தான் கவலை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அடுத்த நாள் தகரத்தைக் கழற்றிக்கொண்டுபோய், எல்லோரும் பார்க்கும்படி மேடையின் முன் ஓரத்தில் கட்டினாய். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “ஒளிக்க வேண்டியதைக் காட்டினால் அது நாடகமோடா?”

“எங்கையிருந்து வருது எண்டு தெரியாத சத்தத்துக்குத்தான் மச்சான் அவள் பயப்பிடுறாள்” என்று சொல்லிவிட்டு, அவளைக் கூப்பிட்டாய். “இஞ்சை வா, நீ ஒருக்கா ஆட்டிப் பார்.”

அவள் விரல் நுனியால் தொட்டாள். தகரம் முனகியது. இரண்டு எட்டுப் பின்னால் போனாள். திரும்ப வந்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

“உவ்வளவுதானோ?” என்று கேட்டாள்.

திருநாளன்று நல்ல சேலை உடுத்து, சனத்துக்கு முன்னால் தகரத்தடியில் நின்றவள் அவள்தான். நீ எதிர்ப்பக்கத்தில் திரைக்கயிற்றோடு நின்று தலையை அசைத்தாய். அவள் உலுக்கினாள். கையைப் பார்த்துவிட்டுத்தான் சனம் சத்தத்தைக் கேட்டது. ஒருவரும் விழவில்லை, என்னைத் தவிர. நான் விழுந்து பாடத் தொடங்கினேன். அவள் நிறுத்தவில்லை. முதல் அடி, தகரம். இரண்டாம் அடி, தகரம்.

“விட்டிடாதை றெஜினாக்கா, இன்னும் பாடுறான்!” என்று கூட்டத்தில் ஒரு பாவி கத்தினான். சனம் உருண்டு சிரித்தது. உலுக்கியபடியே அவளும் சிரித்தாள். நான் தோல்வியை ஒப்புக்கொண்டு, பாட்டைப் பாதியில் விட்டுச் செத்தேன்.

இனித் திரை மூடவேண்டும். மூடவில்லை. எறும்பு கடிக்கக் கடிக்கப் பிணமாகக் கிடந்து உன்னை மனதுக்குள் வைதேன். பொறுக்கமுடியாமல் உன் பக்கம் இருந்த கண்ணை மட்டும் திறந்தேன். கயிறு உன் கையில் இருந்தது. நீ அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றாய்.

“கயிறு சிக்கிப்போச்சு” என்று பிறகு சொன்னாய். ஊர் நம்பியது. நானும் தலையாட்டினேன். செத்த அரசன் கண் திறந்து பார்த்தான் என்று எந்த வாயால் சொல்வது?

உன்னை அடக்கம் செய்த அன்று றெஜினாவிடம் மட்டும் சொன்னேன். “அண்டைக்குக் கயிறு சிக்கேல்லை, தங்கச்சி.”

“தெரியும் அண்ணை” என்றாள். “இவர் பார்த்துக்கொண்டு நிண்டவர். அதாலைதான் நான் நிப்பாட்டேல்லை.”

இந்த ஒரு சேதியை உன்னிடம் சேர்க்க வழி தெரியாமல் சுமந்துகொண்டு திரிகிறேன், மச்சான்.