ஏழாவது கேள்வி

என்னவருக்கு,

இன்றைய நேர்காணல் நன்றாகத்தான் போனது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

தினமும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்வித்தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டு என்னைப் பழக்கினீர்களே, அதில் ஏழாவது: வேலையில் செய்த பெரிய தவறு என்ன? "எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்குவேன்" என்பேன். "இது தப்பா, தற்பெருமையா? வேற சொல்லு" என்று சிரிப்பீர்கள்.

இன்று நேர்காணல் செய்த அதிகாரி அதையே கேட்டதும் வாய் தவறி உண்மை வந்துவிட்டது. பழைய வேலையில், சோதனைக்கான இணையதளம் என்று நினைத்து, மக்கள் பயன்படுத்தும் தளத்திலேயே கைவைத்தேன். ஒரு பல் மருத்துவமனையின் ஒரு வார முன்பதிவெல்லாம் அழிந்துபோனது. நகலும் எடுத்து வைக்கவில்லை.

"அதுக்கப்புறம் என்ன மாத்திக்கிட்டீங்க?" என்றார். நிஜத் தளத்தைத் திறந்தால் திரையின் மேலே சிவப்புப் பட்டை தெரிகிற மாதிரி செய்துகொண்டேன் என்றேன். தலையாட்டினார். திங்கட்கிழமை அடுத்த சுற்று.

வேலை போனதற்கு உங்களிடம் ஆட்குறைப்பு என்று சொல்லியிருந்தேன். இந்தத் தவறுக்காக அன்று வெளியே அனுப்பப்பட்டது நான் ஒருத்திதான்.

முன்பின் தெரியாதவரிடம் சொல்ல முடிந்தது. உங்களிடம் நான்கு மாதமாக வாய் வரவில்லை. இதை உங்கள் கேள்வித்தாளுக்குள் வைக்கிறேன். படித்துவிட்டு ஏழாவது கேள்வியைக் கேளுங்கள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருக்கும்
உங்களவள்