நூறு முறை விழுந்தவர்

மார்ச் 4

கேப்டனுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. கேப்டன் என்பது நான் வைத்த பெயர். ஏரியைக் கடந்து தீவுக்கு ஆள் ஏற்றிப்போகும் பன்னிரண்டு பேர் படகு ஒன்றுக்கு அவர் ராஜா. நான் துறையில் டிக்கெட் கிழிப்பவள். மனைவி என்பது உப பதவி.

விழித்திரை விலகியிருந்ததாம். மூன்று மாதம் படகு ஏறக்கூடாது, குனியக்கூடாது, தும்முவதென்றால்கூட யோசித்துத் தும்ம வேண்டும் என்றார் டாக்டர். இவர் சரி சரியென்று தலையாட்டினார். தலையையும் ஆட்டக்கூடாது என்றேன்.

மார்ச் 6

துறை அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மாதத்துக்கு மேல் படகு நின்றால் நம் வழியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஓட்ட வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். "நான் இருக்கேன்" என்று ஒரு குரல். யாரடா அது என்று பார்த்தால் நானேதான். அனுமதிக்கான பரீட்சை 28-ம் தேதி.

இருபது வருஷமாகப் படகைக் கரையிலிருந்து பார்த்தே பழக்கம். எனக்கு என்ன துணிச்சல்?

மார்ச் 9

படகில் இருக்கும் மெஷினைக் கழற்றி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தோம். ஆழம் காட்டும், வழி காட்டும். தண்ணீரே இல்லாமல் ஓட்டிப் பழக அதில் ஒரு வசதி உண்டு. எங்கள் சாப்பாட்டு மேஜை மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏரியில் போனது. கேப்டன் ஒரு கண்ணில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்தபடி அதிகாரம் பண்ணினார்.

படகின் அடியில் ஒரு குமிழ் இருக்கிறது. அது 'டக்' என்று ஒரு சத்தம் விடும். சத்தம் ஏரியின் அடித்தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதை வைத்து ஆழம் சொல்லும். புரிகிறதா என்று மூன்று தடவை கேட்டார். புரியாமல் என்ன? சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டு, பதில் வரும் நேரத்தை வைத்து இவர் எந்த ரூமில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கிறேனே, அதுதான். மெஷினுக்கு உடனே பதில் வருகிறது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

மார்ச் 10

கொழுந்தனார் குழாய் வேலைக்கு லீவு போட்டுத் துணைக்கு வந்தார். மெஷினை மறுபடி படகில் மாட்டி, துறைக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் பார்த்தோம். திரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளமாக ஒரு மீன்! "அண்ணி, இது மீனா, பஸ்ஸா?" என்றார். வலை தேடினோம். எடுத்த வலையைப் பயந்துபோய்த் திரும்ப வைத்தும் விட்டோம்.

சாயங்காலம் சொன்னதும் கேப்டன் சிரித்த சிரிப்பில் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகிவிட்டது. திரையின் வலது ஓரம் மட்டும்தான் இப்போது நடப்பதாம். மற்றதெல்லாம் நடந்து முடிந்தது. ஒரு சின்ன மீன் படகுக்கு அடியிலேயே சும்மா நின்றாலும் நீளக் கோடாகத்தான் வரும்.

மார்ச் 13

வழிகாட்டும் அம்புக்குறி இன்று பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது. ரிப்பேர் என்று கவலைப்பட்டேன். ரிப்பேர் இல்லையாம். மேலே சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நாலு பேரிடமாவது நேரம் கேட்டு, நாம் இருக்கும் இடத்தை அது கணக்குப் போடுகிறது. இடம் மாறினால்தான் எந்தத் திசை என்று தெரியும். நின்றால் முழிக்கும். பாவம், நானும் அப்படித்தான்.

மார்ச் 17

ஆள் தண்ணீரில் விழுந்தால் அமுக்க ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினால் அந்த இடத்தை நம்பர் போட்டுக் குறித்துக்கொண்டு, திரும்பிப்போக வழி காட்டும். பரீட்சையில் இதுதான் முக்கியம். கொழுந்தனார் காலி டப்பாவைத் தூக்கிப்போட்டார். அமுக்கினேன்.

இடம் நிரம்பிவிட்டது, பழையதை அழிக்கவும் என்றது.

பட்டியலைத் திறந்தேன். விழுந்தவர் 1, விழுந்தவர் 2... நூறு பேர்! இத்தனை வருஷமாக நம் படகில் இத்தனை பேரா விழுந்தார்கள்? கொழுந்தனார் முகம் வெளிறிவிட்டது.

வீட்டில் கேப்டனை விசாரித்தால் அத்தனையும் மீன் கிடைத்த இடங்கள். காலையில் முதல் நடைக்கு முன்னால் ஐயா தூண்டில் போடுவார். முறையாகக் குறிக்க நாலு தடவை அமுக்க வேண்டுமாம், சிவப்பு என்றால் ஒரே தடவை. சோம்பேறித்தனத்துக்குக் கேப்டன் என்றும் ஒரு பெயர்.

மார்ச் 18

அழிக்கப்போகிறேன் என்றதும் சொத்தை எழுதித் தரச் சொன்ன மாதிரி பதறினார். போனால் போகிறதென்று நோட்டில் எழுதிவைத்துவிட்டு அழிக்கிறேன் என்றேன். நம்பர், தேதி, நேரம், ஆழம், தண்ணீரின் சூடு. முப்பது ஆயிற்று. கை வலிக்கிறது.

மார்ச் 20

நம்பர் 37. மற்றதெல்லாம் காலை ஆறு மணி, ஆறரை மணி. இது சாயங்காலம் ஐந்து நாற்பது. நல்ல குளிர்காலம், தண்ணீர் ஒன்பது டிகிரி. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. தீவுக்கும் கரைக்கும் நட்டநடுவில்.

இது என்ன மீன் என்று கேட்டேன். பதில் வரவில்லை. இந்த ரூமில்தான் இருக்கிறார், பதில்தான் வரவில்லை.

"அது மீனில்ல" என்றார். "நான்தான்."

கடைசி நடை முடிந்து தனியாகத் திரும்பும்போது பின்பக்கம் கயிறு சிக்கியதாம். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, எடுக்கக் குனிந்தார், விழுந்தார். காற்றில் படகு நகர்ந்துவிட்டது. நீந்திப் பிடித்து, ஏறமுடியாமல் கால்மணி நேரம் ஓரத்தைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். ஏறியதும் முதல் வேலையாகப் பட்டனை அமுக்கினாராம்.

"ஏறினப்புறம் எதுக்குங்க அமுக்கினீங்க?"

"அதுக்குத்தானே அந்தப் பட்டன் இருக்கு."

சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு — சொட்டச் சொட்ட வந்து நின்னார், மழைன்னார், தரையெல்லாம் ஈரம்னு நான் திட்டினேன். திட்டினேனே! நாலு வருஷம் பக்கத்துலயே படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா தனியா போகவிட மாட்டேன்னு பயமாம். ஆமா, விட்டிருக்க மாட்டேன்தான்.

மார்ச் 21

சாப்பாடு வைத்தேன். பேசவில்லை.

மார்ச் 23

நூறையும் அழித்தேன். 37-ஐ நோட்டில் எழுதவில்லை. பேச ஆரம்பித்தாயிற்று, அதாவது அவரைத் திட்ட ஆரம்பித்தாயிற்று. அவர் நிம்மதியாக இருக்கிறார்.

மார்ச் 28

பரீட்சை எடுக்க ஓர் அம்மா வந்தார். சிரிப்பு என்றால் காசு கேட்பார் போல. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போதே ஆரஞ்சு பொம்மையைத் தண்ணீரில் எறிந்துவிட்டார். அமுக்கினேன். விழுந்தவர் 1.

வளைத்துத் திரும்பி, அம்பு காட்டிய இடத்துக்குச் சரியாகப் போனேன். அங்கே ஒன்றும் இல்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் பொம்மை காற்றோடு இருபது அடி தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. காற்றை எதிர்த்து மெல்லப் பக்கத்தில் போய், கொக்கி போட்டு இழுத்தேன். பொம்மை நல்ல கனம்.

"மெஷின் விழுந்த இடத்தைக் காட்டும், விழுந்த ஆளைக் காட்டாது" என்றார் அந்த அம்மா. "ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் கண்ணெடுக்காம ஆளைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். தனியாப் போகாதீங்க."

பாஸ். வீட்டுக்கு வந்து அந்த அம்மா சொன்னதைக் கேப்டனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஏப்ரல் 2

முதல் நடை. கொழுந்தனார் கயிறு பிடித்தார். டிக்கெட்டையும் நானே கிழித்தேன், படகையும் நானே ஓட்டினேன்.

ஜூன் 9

கண் சரியாகிவிட்டது, படகு ஏறலாம் என்றார் டாக்டர். இன்று கேப்டன் ஓட்டினார், நான் கூடப் போனேன். திரும்பி வரும்போது துறையில் 'ணங்' என்று ஒரு மோதல். பயணிகளின் பைகள் உருண்டன. துறை நகர்ந்துவிட்டது என்றார். பரவாயில்லை, நாளை பழைய இடத்தில் வைக்கச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தூரம் முன்ன மாதிரி பிடிபடல என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். நானும் கேலி பண்ணவில்லை.

ஜூன் 12

புதிய வருஷத்துக்கு வழியைப் பதிவு செய்ய அலுவலகம் போனோம். படிவத்தில் இரண்டு கோடு: ஓட்டுநர், உடன் செல்பவர். என்னிடம் கொடுங்கள் என்று கேப்டன் வாங்கிக்கொண்டார். எழுதினார். நிறுத்தினார். கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இன்னொரு படிவம் கேட்டார். நான் சுவரில் இருந்த அறிவிப்பை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட என் பக்கம் நகர்த்தினார். இரண்டாவது கோட்டில் அவர் பெயர் இருந்தது. முதல் கோட்டில் என் பெயர், அப்பா பெயரோடு முழுசாக. இருபத்தேழு வருஷத்தில் அவர் கையெழுத்தில் என் முழுப்பெயரை இன்றுதான் பார்க்கிறேன்.