ரவுட்டருக்கு நான் போட வைத்த பூட்டு

எத்தாளை
12.08.2023

அன்பு மகன் ஹமீட்,

அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பேர்ன் குளிரில் அல்லாஹ் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். எனக்கு, அல்ஹம்துலில்லாஹ், சுகத்தில் குறையில்லை, கதைக்கத்தான் ஆளில்லை. உன் தங்கச்சி சிபானா முந்தலுக்கு வாழப்போன பிறகு ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நாளைக்குக் கிடக்கிறது. இதைப் போனில் சொல்ல எனக்கு முகமில்லை மகன், அதனால் எழுதுகிறேன். நோன்புப் பெருநாளோடு வந்து மூன்று மாதம் இங்கிருந்தே ஒபீஸ் வேலை செய்வதாகச் சொன்னாய். வீபீஎன் என்றாயே, ஒபீஸுக்குள் போகிற அந்த வழி, நம் ரவுட்டரால் போகவே இல்லை. சோறு ஆற ஆற நீ அதோடு மல்லுக்கட்டினாய். எந்த மடையன் உம்மா இதப் பூட்டி வெச்ச என்று கத்தினாய், பாஸ்வேர்ட் கேட்டாய், தெரியாது என்றேன். ஒன்பதாம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டாய்.

அந்த மடையன் நான்தான். இன்டர்நெட் லைன் இழுத்த காலத்தில் வாப்பா மௌத்தாகி வீட்டில் ஆம்பிளையில்லை, சிபானா குமர்ப்பிள்ளை. கெட்டது ஒண்டும் வீட்டுக்குள்ள வராம, இருக்கிறதுலயே பெரிய பூட்டாப் போடுங்க என்று லைன்காரரிடம் கெஞ்சினேன். அவர் பாஸ்வேர்ட் எழுதித் தந்த கடதாசித் துண்டை அலுமாரியில் வாப்பாவின் தொப்பிக்குள் வைத்தேன். நீ கத்திய அன்று அஸர் தொழும்போதே நினைவு வந்தது. மடையன் என்ற சொல்லுக்கு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். திறந்திருந்தால் இன்னும் எண்பத்தொரு நாள் என்னோடு இருந்திருப்பாய். போன கிழமை பக்கத்து வீட்டு அஃப்ராஸிடம் துண்டைக் கொடுத்தேன், அவனுக்கும் அப்படியான வேலைதான். பூட்டைத் தளர்த்தி, உன் கதிரையில் இருந்தே தன் ஒபீஸ் வேலையைச் செய்து காட்டினான். இப்ப நல்லாப் போகுது மாமி, ஹமீட் நானா வந்தா ஒரு கரைச்சலும் இல்ல என்றான். இரண்டு மணித்தியாலம் வீட்டில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. குசினியில் நான் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன். அவன் தன் வீட்டில் சாப்பிடப் போய்விட்டான்.

ஏசுவதென்றால் ஏசு, கேட்டுக்கொள்கிறேன். வெறும் பாணோடு வயிற்றைக் காயப் போடாதே, சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உன் உழைப்பிலும் றிஸ்கிலும் பறக்கத் செய்யட்டும். அந்தத் துண்டை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், பத்திரம். இனி அது என்னிடம் இருக்க வேண்டாம். லீவு கிடைத்தால் மிச்ச எண்பத்தொரு நாளுக்கு வா மகன்.

துஆவுடன்,
உன் உம்மா
ஹவ்வா